கெஸ்ட் சிங்கரோட டான்ஸ் சிங்கிள்: ஸ்கெட்ச்லேருந்து ரிலீஸ் வரைக்கும் எதுக்கு அப்புறம் எது

வீட்லயே எலக்ட்ரானிக் மியூசிக் பண்ற ரெண்டு மூணு பேர் ஒரு க்ரூப்பா சேர்ந்து, வெளியேருந்து ஒரு சிங்கரை கூப்பிட்டு ஒரு சிங்கிள் விடணும்னு நினைக்கிறீங்கன்னா இது உங்களுக்குத்தான். புதுசா வர்றவங்க மாட்டறது பெரும்பாலும் மிக்ஸிங்ல கிடையாது, வரிசைலதான். பீட்டை முழுசா முடிச்சு, டிராப்பை (பீட் முழு பலத்தோட இறங்கற இடம்) எல்லாம் பாலிஷ் பண்ணி, கடைசியா ஒரு சிங்கரை தேடி அதுமேல ஒட்டறாங்க. அப்போ கீ (பாட்டோட ஸ்ருதி) ஒத்து வராது, குரலுக்கு இடம் இருக்காது, பணம் பத்தின பேச்சு ரிலீஸுக்கு முந்தின வாரம் வந்து நிக்கும். அதனால கீழ இருக்கற வரிசையை மாத்தாம போங்கன்னுதான் சொல்வேன்.

எடுத்துக்காட்டுக்கு 124 பிபிஎம் (நிமிஷத்துக்கு 124 பீட்) ஹவுஸ் ட்ராக்னு வச்சுக்கறேன். அதுல ஒரு பார், அதாவது நாலு பீட், கிட்டத்தட்ட 1.94 நொடி, 8 பார் 15.5 நொடி. வேற டெம்போன்னா 240ஐ உங்க பிபிஎம்மால வகுத்துக்கோங்க, ஒரு பாரோட நீளம் வந்துடும்.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

ஒரு கன்டென்சர் மைக், பாப் ஃபில்டர், ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை மூடற வயர் ஹெட்ஃபோன் ஒண்ணு. ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம், அதுல சத்தம் லேட்டா வரும், சிங்கர் அந்த லேட்டை பிடிச்சுக்கிட்டு பாடி ஒவ்வொரு வரியும் பின்னாடி விழும். ஓப்பன் பேக் ஹெட்ஃபோனும் இங்க ஆகாது, க்ளிக் சத்தம் மைக்குள்ள போயிடும், பிரேக்டவுன்ல (பீட் நின்னு அமைதியாகற இடம்) பேட் (நீளமா ஒலிக்கற மென்மையான சிந்த்) மட்டும் இருக்கற இடத்துல அந்த டிக் டிக் நல்லா கேக்கும்.

அப்புறம் க்ரூப்புக்குள்ள ஒருத்தர் மட்டும் ப்ராஜெக்ட் ஃபைலை வச்சுக்கணும். மூணு பேர் மூணு லேப்டாப்ல மூணு வெர்ஷன் வச்சிருந்தா சிங்கருக்கு பழைய டெம்போல ட்ராக் போறதெல்லாம் நடக்கும். சாம்பிள் ரேட்டும் முதல் நாளே முடிவு பண்ணுங்க, 44.1ஆ 48ஆன்னு. 48ல எடுத்த வோக்கலை மாத்தாம 44.1ல ஓட விட்டா சுமார் ஒன்றரை செமிடோன் இறங்கி, மெதுவாவும் ஓடும். இப்ப இருக்கற சாஃப்ட்வேர் பெரும்பாலும் தானாவே மாத்திக்கும், ஆனா அதை நம்பி உக்காராதீங்க.

2. ஸ்கெட்ச் மட்டும் போடுங்க

கிக் (அடி ட்ரம்), பேஸ், கார்ட் (ஒண்ணா சேந்து ஒலிக்கற ஸ்வரங்கள்), ஒரு 32 பார். இதுல வெர்ஸ் மாதிரி அமைதியான 16 பார், டிராப் மாதிரி ஒரு 16 பார் இருந்தா போதும். லீட் சிந்த் போடாதீங்க. ஏன்னா லீட் சிந்தோட மெலடி 1 கிலோஹெர்ட்ஸ்லேருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உக்காரும், குரல் தெளிவா கேக்க வேண்டிய இடமும் அதேதான். அதுவுமில்லாம சிங்கர் காதுல ஒரு மெலடி ஏற்கனவே ஓடிட்டிருந்தா அவங்க அதையே திருப்பி பாடுவாங்க, சொந்தமா ஒண்ணு வராது.

இன்னொரு பழக்கம், நெட்ல கிடைக்கற ஏதோ ஒரு பழைய பாட்டோட அகாபெல்லாவை (குரல் மட்டும் இருக்கற ட்ராக்) தற்காலிகமா போட்டு ட்ராக் கட்டறது. பண்ணாதீங்க. அந்த குரலுக்கு காது பழகிடும், அப்புறம் உங்க சிங்கர் என்ன பாடினாலும் குறையாவே தெரியும். இதுல சட்ட வம்பும் உண்டு. 1989ல பிளாக் பாக்ஸ்னு ஒரு இத்தாலி க்ரூப் 'ரைட் ஆன் டைம்' விட்டப்போ அதுல இருந்தது லொலியாட்டா ஹாலவேயோட குரல், அனுமதி இல்லாம எடுத்தது. பிரச்சனை ஆகி, ஹெதர் ஸ்மாலை வச்சு திரும்ப பாட வச்சு வெளியிட வேண்டியதாச்சு.

3. கீ: சிங்கரும் பேஸும் ஒத்துக்கணும்

நிறைய பேர் இந்த படியை தாண்டிடறாங்க, ஆனா பாட்டு நிக்கறதும் விழறதும் இங்கதான்.

முதல்ல சிங்கரை ட்ராக் இல்லாம ஹூக்கை (திரும்ப திரும்ப வந்து மனசுல நிக்கற வரி) சத்தமா பாடி ஒரு வாய்ஸ் நோட் அனுப்ப சொல்லுங்க. மெதுவா முணுமுணுத்தா பிரயோஜனம் இல்ல, டிராப்புக்கு முன்னாடி எவ்வளவு எனர்ஜி வேணுமோ அவ்வளவுல பாடணும். அதுல மேல் ஸ்வரம் எதுன்னு கீபோர்டுல பாத்துக்கோங்க. அப்புறம் ஸ்கெட்ச்சை ஒவ்வொரு செமிடோனா ஏத்தி பாட சொல்லுங்க, குரல் இறுக ஆரம்பிக்கற இடம் தெரிஞ்சதும் அதுலேருந்து ஒண்ணோ ரெண்டோ கீழ வாங்க. அந்த இடத்துல குரல்ல ஒரு அழுத்தம் இருக்கும், ஆனா பத்து டேக் எடுத்தாலும் தொண்டை கட்டாது.

கர்னாடிக் கத்துக்கிட்டவங்க "எனக்கு 5 கட்டை"ன்னு சொல்வாங்க. அது ஜி, சரி, ஆனா அதை அப்படியே ட்ராக் கீயா வச்சுடாதீங்க. கட்டைங்கறது அவங்க சட்ஜம் எங்க இருக்குன்னு சொல்லுது, கீழ மேல ரெண்டு பக்கமும் போய்வர வசதியா வச்ச இடம் அது. உங்க ஹூக் ஒரு நாலஞ்சு ஸ்வரத்துக்குள்ளயே சுத்தும், அதோட உச்சி எங்க விழுதுன்னு மட்டும்தான் நமக்கு கவலை.

இப்ப பேஸ் பக்கம். எஃப்1 சுமார் 43.7 ஹெர்ட்ஸ், ஜி1 49 ஹெர்ட்ஸ். கிளப் ஸ்பீக்கர்ல நெஞ்சுல தட்டற இடம் இது. சிங்கருக்காக கீயை 'சி'க்கு மாத்தினீங்கன்னா சி1 32.7 ஹெர்ட்ஸ், நிறைய சிஸ்டம்ல அது சரியாவே வராது. ஒரு ஆக்டேவ் மேல சி2 65.4 ஹெர்ட்ஸ், வரும், ஆனா அடி கனம் குறைஞ்ச மாதிரி இருக்கும். அதனால குரலுக்கு நாலஞ்சு செமிடோன் நகத்த வேண்டியிருந்தா மொத்த ட்ராக்கையும் தூக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வழி பாருங்க: ஹூக்கோட உச்சி ஸ்வரத்தை மட்டும் கார்டுல இருக்கற வேற ஸ்வரத்துக்கு இறக்குங்க, இல்லன்னா கார்ட் வரிசையை மாத்தி பேஸ் அதிகமா தங்கற ஸ்வரம் எஃப், ஜி பக்கம் விழற மாதிரி பண்ணுங்க. ரெண்டும் சரிப்படலன்னா சிங்கர் சொல்ற கீதான் ஜெயிக்கணும், பேஸ் சவுண்டை புதுசா டிசைன் பண்ணிக்கலாம், தொண்டையை டிசைன் பண்ண முடியாது.

4. ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே எழுதி வைங்க

நண்பர்தானேன்னு இதை தள்ளி போடறாங்க. பாட்டு யாரும் கேக்கலன்னா பிரச்சனை வராது, நல்லா ஓடினா கண்டிப்பா வரும்.

ஒரு பாட்டுல ரெண்டு தனித்தனி சொத்து இருக்கு. ஒண்ணு வரியும் மெட்டும், இன்னொண்ணு ரெக்கார்ட் ஆன ஒலி, அதாவது மாஸ்டர். சிங்கர் வந்து நீங்க கொடுத்ததை பாடிட்டு மட்டும் போனா முதல் சொத்துல பங்கு வராது. ஆனா கெஸ்ட் சிங்கர் பெரும்பாலும் ஹூக் மெட்டையோ வரியையோ அவங்களே போடுவாங்க, அப்போ அவங்க எழுத்தாளர், பங்கு உண்டு. இதை ஒரு ஸ்ப்ளிட் ஷீட்ல எழுதுங்க: யார் வரி, யார் மெட்டு, யாருக்கு எத்தனை சதவீதம், மாஸ்டர்ல யாருக்கு எவ்வளவு, முன்பணம் உண்டா, க்ரெடிட்ல பேர் எந்த எழுத்துக்கூட்டல்ல வரும், வீடியோல யார் வருவாங்க, ரீமிக்ஸுக்கு குரலை கொடுக்கலாமா. ஒரே பக்கம் போதும், எல்லாரும் கையெழுத்து போடணும்.

பேரும் வீடியோவும் எதுக்கு இதுல வருதுன்னு கேப்பீங்க. 1990ல சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரியோட 'கான்னா மேக் யூ ஸ்வெட்' வந்தப்போ அந்த பெரிய ஹூக்கை பாடினது மார்த்தா வாஷ், ஆனா வீடியோல வேற ஒருத்தர் வாயசைச்சாங்க, க்ரெடிட்ல மார்த்தா வாஷ் பேரே இல்ல. அவங்க கோர்ட்டுக்கு போனாங்க, கடைசில சமரசம் ஆச்சு. பாடினவங்களுக்கு பேர் கொடுக்கறது மரியாதை, அதுக்கு மேல அது அவங்க பொழப்பு, அடுத்த வாய்ப்பு அந்த பேரை வச்சுதான் வரும்.

இந்தியால இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம். 2012 காப்பிரைட் திருத்தத்துக்கு அப்புறம் வரி எழுதினவங்க, மெட்டு போட்டவங்களோட ராயல்டி பங்கை மொத்தமா எழுதி வாங்கிட முடியாது. அதனால "ஒரு தொகை கொடுத்துட்டோம், எல்லா உரிமையும் எங்களுக்கு"ன்னு நெட்லேருந்து எடுத்த காப்பி பேஸ்ட் ஒப்பந்தத்தை நம்பாதீங்க.

5. டாப்லைனும் (குரலுக்கான மெட்டும் வரியும்) டெமோவும்

வரி எழுதும்போது ஹூக்ல நீட்டற இடத்துல நெடில் விழணும். குறிலை நீட்டினா "மலை" "மாலை"யா கேக்கும், கேக்கறவங்க குழம்புவாங்க. உச்சி ஸ்வரத்துல ஆ, ஓ மாதிரி வாய் திறக்கற ஒலி வச்சா சிங்கருக்கு சுலபம், ஈ வந்தா நிறைய பேருக்கு குரல் ஒடுங்கும். ஒரு டிராப்புக்கு வரி கம்மியா இருக்கறது நல்லது, நாலஞ்சு சொல்லே திரும்ப திரும்ப வந்தா போதும்.

டெமோவையும் ஒழுங்கான மைக்ல எடுங்க. முதல் தடவை பாடறப்போ வர்ற ஒரு துடிப்பு அப்புறம் வராமலே போகலாம். 2011ல வந்த டேவிட் கெட்டாவோட 'டைட்டேனியம்'ல கேக்கறது சியா டெமோவா பாடி கொடுத்த குரல்தான். ஆனா டெமோவை ரிலீஸ்ல யூஸ் பண்றதா இருந்தா சிங்கர்கிட்ட கேட்டுட்டு பண்ணுங்க, நாலாவது படில அதையும் ஒரு வரி சேத்துக்கோங்க.

6. ரெக்கார்டிங் செஷன்

ரூம் முதல்ல. ஃபேன், ஏசி ஆஃப். துணி நிறைஞ்ச பீரோ, மெத்தை, கனமான பெட்ஷீட் இருக்கற பெட்ரூம் நம்ம வீட்ல இருக்கறதுலேயே நல்ல இடம், டைல்ஸ் போட்ட காலி ஹால் மோசமான இடம். ரூமோட எதிரொலி வோக்கல்ல பதிஞ்சிடுச்சுன்னா அப்புறம் கம்ப்ரஸர் போடும்போது அது இன்னும் மேல வரும், சுத்தமா எடுக்கவே முடியாது.

மைக்லேருந்து 15, 20 சென்டிமீட்டர் தூரம், நடுவுல பாப் ஃபில்டர். 24 பிட்ல எடுங்க. சிங்கர் பாடறதுலேயே சத்தமான வரியை பாட சொல்லி பீக் மைனஸ் 10 டெசிபல் பக்கம் வர்ற மாதிரி கெயின் (மைக்லேருந்து உள்ள வர்ற சத்தத்தோட அளவு) வைங்க. வெர்ஸை வச்சு கெயின் செட் பண்ணிட்டு ஹூக்ல க்ளிப் ஆறது (சத்தம் எல்லை தாண்டி உடையறது) புதுசா பண்றவங்ககிட்ட திரும்ப திரும்ப பாக்கற தப்பு, க்ளிப் ஆன டேக் போனது போனதுதான்.

பஃபரை (சாஃப்ட்வேர் ஒரு தடவைல எடுத்துக்கற சாம்பிள் எண்ணிக்கை) 64 இல்ல 128ல வைங்க, மாஸ்டர் பஸ்ல இருக்கற லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, அதெல்லாம் தாமதத்தை கூட்டும். ட்ராக்கை ஒரே ஸ்டீரியோ ஃபைலா பவுன்ஸ் பண்ணி புது ப்ராஜெக்ட்ல போட்டு அதுல ரெக்கார்ட் பண்ணினா இந்த தலைவலியே இல்ல. சிங்கர் காதுக்கு கொஞ்சம் ரிவெர்ப் கொடுங்க, நம்பிக்கையா பாடுவாங்க, ஆனா அது ரெக்கார்ட் ஆகற ஃபைல்ல சேரக்கூடாது. ஹெட்ஃபோன் மிக்ஸ்ல பேஸ் மட்டும் பூதமா இருந்தா ஸ்ருதி பிடிக்கறது கஷ்டம், கார்டை கொஞ்சம் தூக்கி விடுங்க.

எடுக்கற வரிசை: முதல்ல ஹூக், ரெண்டு மூணு டேக், குரல் ஃப்ரெஷ்ஷா இருக்கும்போதே. ஆனா ரொம்ப அடி தொண்டைலேருந்து கத்தற அட் லிப் (நடுநடுவுல போடற உதிரி சத்தம்) எல்லாம் கடைசிக்கு வைங்க. நடுவுல வெர்ஸ், நாலு டேக் வரைக்கும். அப்புறம் ஹூக்குக்கு டபுள் ரெண்டு, இடது வலதுக்கு. டபுள் காப்பி பேஸ்டா இருக்கக்கூடாது, திரும்ப பாடணும், அந்த சின்ன சின்ன வித்தியாசம்தான் அகலமா கேக்க வைக்குது. அப்புறம் ஹார்மனி, மூச்சு, கிசுகிசு, ஓ ஓன்னு ஒரு நீளமான சத்தம். இந்த உதிரி எல்லாம் பின்னாடி வெட்டி சாப் பண்ணி டிராப்லயே ஒரு இன்ஸ்ட்ருமென்ட் மாதிரி யூஸ் பண்ண பொக்கிஷம், கேட்டு வாங்கிக்கோங்க.

சிங்கர் வேற ஊர்ல இருந்தா அவங்களுக்கு எம்பி3 அனுப்பாதீங்க, என்கோடிங்ல ஃபைல் ஆரம்பத்துல சில மில்லிசெகண்ட் காலி இடம் சேரும், திரும்பி வர்ற வோக்கல் அந்த அளவுக்கு தள்ளி உக்காரும். வேவ் ஃபைல், பேர்லேயே பிபிஎம், கீ, சாம்பிள் ரேட். அவங்க அனுப்பும்போது ஒவ்வொரு டேக்கும் முதல் பார்லேருந்து ஆரம்பிக்கற முழு நீள ஃபைலா, எந்த எஃபெக்ட்டும் இல்லாம, மோனோவா வரணும். வரி வரியா வெட்டின இருபது துண்டு வந்தா எது எங்க வரும்னு தேடியே ஒரு நாள் போயிடும். வாட்ஸ்அப்ல ஆடியோவா வாங்காதீங்க, அமுக்கிடும், டிரைவ் லிங்க்தான் சரி.

7. காம்ப், டைமிங், ட்யூனிங், இந்த வரிசைலயே

முதல்ல எல்லா டேக்கையும் கேட்டு வரி வரியா நல்லதை எடுத்து ஒண்ணா தைங்க. ஸ்ருதி சுத்தமா இருக்கற டேக்கை விட உயிர் இருக்கற டேக்கை எடுங்க, ஸ்ருதியை சரி பண்ணிக்கலாம், உயிரை ப்ளக்இன்ல போட முடியாது. அப்புறம் டைமிங்: ஹூக்கோட முதல் அசை கிக்கோட சேந்து விழணும், மத்ததை கொஞ்சம் இழுத்து விட்டாலும் அழகுதான். டபுளோட 'ச', 'த' மாதிரி ஒலியெல்லாம் மெயின் வோக்கலோட ஒரே நேரத்துல விழற மாதிரி நகத்துங்க, இல்லன்னா தடதடன்னு கேக்கும்.

ட்யூனிங் கடைசி. கமகம் போடற சிங்கருக்கு ஆட்டோ மோடுல வேகமான ரீட்யூன் வச்சீங்கன்னா வழுக்கிட்டு போற இடமெல்லாம் படிப்படியா உடையும். கிராஃப் மோடுல நிக்கற ஸ்வரத்தை மட்டும் தொடுங்க, வழுக்கலை விட்டுடுங்க. ரோபோ மாதிரி எஃபெக்ட் வேணும்னே பண்றது வேற கதை, அது ஒரு முடிவா இருக்கணும், விபத்தா இருக்கக்கூடாது.

8. இப்பதான் முழு ட்ராக்கை கட்டணும்

காம்ப் பண்ணின குரலை நடுவுல வச்சு மத்ததை சுத்தி அடுக்குங்க. ஸ்ட்ரீமிங்குக்கு ஒரு அமைப்பு: இன்ட்ரோ 4 பார், வெர்ஸ் 16, பில்டப் 8, டிராப் 16, ரெண்டாவது வெர்ஸ் 8, பில்டப் 8, டிராப் 16, அவுட்ரோ 8. மொத்தம் 84 பார், 124ல சுமார் 2 நிமிஷம் 43 நொடி. குரல் முதல் பத்து நொடிக்குள்ள வரட்டும். ஸ்பாட்டிஃபைல 30 நொடி ஓடினாதான் அது ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு, 32 பார் கிக் மட்டும் ஓடினா ஒரு நிமிஷம் போயிடும், அதுக்குள்ள ஆள் அடுத்த பாட்டுக்கு போயிருப்பார்.

குரல் பாடற இடத்துல சிந்த் பேசக்கூடாது, குரல் மூச்சு விடற இடத்துல சிந்த் பதில் சொல்லணும். ஹூக் முடியறதுக்கும் டிராப் விழறதுக்கும் நடுவுல ஒரு பீட்டாவது எல்லாத்தையும் நிறுத்தி பாருங்க, அந்த மௌனம் கிக்கை ரெட்டிப்பா காட்டும். ரெண்டாவது டிராப்ல ஏதாவது புதுசா வரணும், அந்த உதிரி வோக்கல் சாப் வைக்க இதுதான் இடம்.

9. மிக்ஸ்

வோக்கல்ல 80லேருந்து 100 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டுங்க, அங்க இருக்கறது ரூம் உறுமலும் மைக் ஸ்டாண்ட் அதிர்வும்தான். ஒரே கம்ப்ரஸர் பத்து டெசிபல் அமுக்கறதை விட ரெண்டு கம்ப்ரஸர் நாலஞ்சு டெசிபல் அமுக்கறது இயல்பா இருக்கும். 5லேருந்து 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் டீஎஸ்ஸர், ஏன்னா கிளப் ட்வீட்டர்ல 'ஸ்' காதை கிழிக்கும்.

சைட்செயின் எல்லாருக்கும் தெரியும், கிக் அடிக்கும்போது பேஸும் பேடும் தாழணும். ஆனா மெயின் வோக்கலை அந்த பம்பிங்ல மாட்டி விடாதீங்க, ஒவ்வொரு பீட்டுக்கும் சொல்லு முழுங்கிடும். அதுக்கு பதிலா வோக்கல் வரும்போது சிந்த் பஸ்ல 2லேருந்து 4 கிலோஹெர்ட்ஸ் மட்டும் ரெண்டு மூணு டெசிபல் தாழற மாதிரி டைனமிக் ஈக்யூ வைங்க. வால்யூம் ஏத்தாமலே குரல் முன்னாடி வரும்.

டிலே டெம்போவோட ஒத்துப்போகணும்: 124ல கால் நோட் (ஒரு பீட்) 484 மில்லிசெகண்ட், டாட்டட் எட்டு (முக்கால் பீட்) 363. டாட்டட் எட்டு நாலு பீட் கிக்குக்கு நடுவுல விழறதால ட்ராக் ஓடற மாதிரி உணர்வு கொடுக்கும். ரிவெர்ப்ல ப்ரீ டிலே 20லேருந்து 40 மில்லிசெகண்ட் கொடுத்தா சொல்லு முன்னாடி நிக்கும், வால் பின்னாடி போகும்.

கடைசியா மொத்த மிக்ஸையும் மோனோல கேளுங்க. நிறைய கிளப் சிஸ்டம் மோனோலதான் ஓடும். டபுளும் அகலமான சிந்தும் மோனோல காணாம போனா ஸ்டீரியோ வைடனரை கழட்டுங்க. 100 ஹெர்ட்ஸுக்கு கீழ இருக்கறது எப்பவும் மோனோவா இருக்கட்டும்.

10. மாஸ்டரும் வெர்ஷனும்

ஸ்பாட்டிஃபை சாதாரண செட்டிங்ல மைனஸ் 14 லஃப்ஸுக்கு (காதுக்கு கேக்கற சத்தத்தோட அளவு) சமன் பண்ணும். அதுக்காக டான்ஸ் ட்ராக்கை மைனஸ் 14ல மாஸ்டர் பண்ணணும்னு இல்ல, டிஜே செட்ல மத்த ட்ராக்குக்கு பக்கத்துல உங்களுது ஒல்லியா கேக்கும். சத்தமா பண்ணுங்க, ஆனா கிக்கோட அடி உடையற வரைக்கும் தள்ளாதீங்க, ட்ரூ பீக் மைனஸ் 1ல நிறுத்துங்க.

ஒரே நாள்ல, ஒரே ப்ராஜெக்ட்லேருந்து இது எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க: மெயின், எக்ஸ்டெண்டெட், இன்ஸ்ட்ருமென்டல், அகாபெல்லா, ஸ்டெம் (ட்ரம்ஸ், பேஸ், குரல்னு தனித்தனி ஃபைல்). எக்ஸ்டெண்டெட்ல முன்னாடியும் பின்னாடியும் 16 இல்ல 32 பார் கிக், பெர்கஷன் மட்டும் இருக்கணும், டிஜே கலக்கறதுக்கு அந்த இடம் வேணும், அங்க குரல் வந்தா போற பாட்டோட மோதும். ஆறு மாசம் கழிச்சு ரீமிக்ஸுக்கு ஸ்டெம் கேப்பாங்க, அப்ப ஒரு ப்ளக்இன் லைசென்ஸ் முடிஞ்சிருக்கும், ப்ராஜெக்ட் திறக்காது.

11. மெட்டாடேட்டா

சலிப்பான வேலைதான், ஆனா காசு வழிமாறி போறது இங்கதான். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி ஐஎஸ்ஆர்சி (ரெக்கார்டிங்கோட அடையாள குறியீடு), 12 எழுத்து, டிஸ்ட்ரிப்யூட்டரே (பாட்டை ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்களுக்கு அனுப்பற கம்பெனி) கொடுப்பாங்க. சிங்கர் பேரை தலைப்புல கையால டைப் பண்ணாதீங்க, ஃபீச்சர்ட் ஆர்ட்டிஸ்ட்னு இருக்கற கட்டத்துல போடுங்க, அவங்க ப்ரொஃபைல் லிங்க்கையும் கொடுங்க. லிங்க் இல்லன்னா அதே பேர்ல இருக்கற வேற யாரோ ஒருத்தர் பக்கத்துல பாட்டு போய் உக்காரும். அவங்களை ஃபீச்சர்டா போடறதா, சமமா மெயின் ஆர்ட்டிஸ்டா போடறதான்னு நாலாவது படிலேயே பேசியிருக்கணும்.

கவர் 3000க்கு 3000 பிக்சல், அதுல இன்ஸ்டா ஐடி, லிங்க் எதுவும் கூடாது, திருப்பி அனுப்பிடுவாங்க. ராயல்டி ஃப்ரீ லூப் அப்படியே மாத்தாம வச்சிருந்தீங்கன்னா யூட்யூப் கன்டென்ட் ஐடி (உங்க ஒலி வேற வீடியோல வந்தா தானா கண்டுபிடிக்கற வசதி) ஆப்ஷனை டிக் பண்ணாதீங்க, அதே லூப் வச்ச இன்னொருத்தரோட பாட்டுக்கு உங்க பேர்ல க்ளெய்ம் போகும்.

12. தேதி

ஃபைல் எல்லாம் கைல இருக்கும்போதுதான் தேதி குறிக்கணும். அப்லோடுக்கும் ரிலீஸுக்கும் நடுவுல மூணு நாலு வாரம் விடுங்க. ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்ல பிளேலிஸ்ட்டுக்கு பிட்ச் பண்ண ரிலீஸுக்கு குறைஞ்சது 7 நாள் முன்னாடி அனுப்பணும், வெளிவந்த பாட்டை பிட்ச் பண்ண முடியாது. அதுக்குள்ள சிங்கருக்கு மாஸ்டரை அனுப்பி ஓகே வாங்குங்க, அவங்க போஸ்ட் பண்ண சின்ன வீடியோவும் கவரும் கொடுங்க. அவங்களை கேக்கறவங்கதான் உங்க க்ரூப்பை முதல்ல கேக்கப்போறாங்க.

டிஸ்ட்ரிப்யூட்டர் கொடுக்கற காசு மாஸ்டருக்கானது மட்டும். இந்தியால வரிக்கும் மெட்டுக்கும் ஐபிஆர்எஸ்ல (எழுதினவங்க, மெட்டு போட்டவங்களுக்கு ராயல்டி வசூலிக்கற சங்கம்) தனியா பதிவு பண்ணணும், ஸ்ப்ளிட் ஷீட்ல இருக்கற அதே சதவீதத்தோட, எழுதின ஒவ்வொருத்தரும் மெம்பரா இருக்கணும். பாடினவங்களுக்குன்னு இசாம்ராங்கற சங்கம் இருக்கு, சிங்கர் இன்னும் சேரலன்னா ரிலீஸுக்கு முன்னாடியே சேர சொல்லுங்க.